கயலுக்கு மாலை போட்டது யார்?

அன்பரசி: ...மைக்கு மேல பழியைப் போடாதீங்க சார். மைக்கு நல்லாத்தான் இருந்தது.

வரதன்: அப்போ லைட்டு. மஞ்ச லைட்டு போட வேண்டிய எடத்துல நீலத்தைப் போட்டானுங்க. நீலத்துல நின்னா எல்லாரும் வயசானவங்களாத்தான் தெரிவாங்க.

அன்பரசி: எல்லாரும் தெரியல சார். ஒருத்தர்தான் தெரிஞ்சாரு.

வரதன்: ஷ்... மெதுவாம்மா. கேசவன் சார் உள்ள மேக்கப் கலைச்சிகினு கீறாரு.

அன்பரசி: கதவு சாத்தியிருக்கு சார்.

வரதன்: நம்ம மன்றத்துக் கதவு அது. சாத்தினாலும் ஒண்ணுதான், சாத்தலன்னாலும் ஒண்ணுதான்.

அன்பரசி: எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசி சீன்ல ஹீரோ வந்து கயலுக்கு மாலை போடுறாரு. அதுக்கு எதுக்கு சார் ஜனங்க சிரிச்சாங்க?

வரதன்: கல்யாண சீனாச்சே. சந்தோஷத்துல சிரிச்சிருப்பாங்க.

அன்பரசி: முன் வரிசையில ஒரு அம்மா "ஐயையோ"ன்னு கத்துனாங்க. கல்யாணத்துல யாராச்சும் ஐயையோன்னு கத்துவாங்களா?

வரதன்: சில கல்யாணத்துல கத்துவாங்க...

அன்பரசி: சார்!

வரதன்: சரி, சரி. இன்னிக்கு வெறும் ஒத்திகைதானே. குவார்ட்டர்ஸ் ஜனங்களை சும்மா வந்து பாருங்கன்னு கூப்ட்டோம், வந்தாங்க, பார்த்தாங்க, சிரிச்சாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம ஆண்டு விழாவுல எல்லாம் சரியாப் போயிடும்.

அன்பரசி: எப்படி சார் போகும்? பார்க்க வந்த சியாமளா அக்காவைப் புடிச்சுக் கேட்டேன். "அக்கா, கதை புரிஞ்சுதா?"ன்னு. "ரொம்ப நல்லாப் புரிஞ்சுது"ன்னாங்க. எனக்கு சந்தோஷமாயிடுச்சு. "சொல்லுங்க"ன்னேன்.

வரதன்: சொன்னாங்களா?

அன்பரசி: சொன்னாங்களே! "முட்டுக்காட்டு முகத்துவாரத்துல ஒருத்தர் தோணி ஓட்டுறாரு. அவருக்கு கயல்னு ஒரே பொண்ணு"...

வரதன்: இரு, இரு. பொண்ணா? தோணி ஓட்டுற மாறன்தானே கதாநாயகன்? கயலைக் காதலிக்கிறவன்?

அன்பரசி: நாம எழுதினது அது. அவங்க பார்த்தது வேற. மாறனா நடிச்ச கேசவன் சாரை கயலோட அப்பான்னு நெனைச்சுட்டாங்க.

வரதன்: அப்போ கயலுக்கு நெஜ அப்பாவா இனியன் நடிச்சானே... வெள்ளைத் தாடி, கைத்தடி, இருமல் எல்லாம் குடுத்தோமே. அவனை இன்னான்னு நெனைச்சாங்களாம்?

அன்பரசி: அதான் சார் கொடுமை. நடுவுல இனியன் தாடி அவுந்து விழுந்துச்சு இல்ல?

வரதன்: கோந்து சரியில்ல. வேர்வை.

அன்பரசி: தாடி விழுந்ததும் இருபத்தஞ்சு வயசு மூஞ்சி வெளிய வந்துச்சா? சபையே கை தட்டுச்சா? எனக்கு அப்போ ஏன்னு புரியல சார். கயலைப் பார்க்கறதுக்காகக் கிழவன் வேஷம் போட்டுக்கினு வந்த காதலன்னு நெனைச்சு தட்டியிருக்காங்க!

வரதன்: அட... அது நல்லாத்தான் கீது.

அன்பரசி: நல்லாத்தான் இருக்கும். அப்புறம் கடைசியில, அவங்க அப்பான்னு நெனைச்சுகினு இருந்தவர் நேரா வந்து பொண்ணு கழுத்துல மாலை போட்டா? ஐயையோன்னு கத்தாம என்ன பண்ணுவாங்க?

வரதன்: ...இது இன்னாம்மா பேஜாரு.

அன்பரசி: சம்பத் சார் பின் வரிசையில உக்காந்திருந்தாரு. போகும்போது எங்கிட்ட வந்து, "அடுத்த வருஷத்துலேந்து பேசாம செங்கல்பட்டு ஆர்கெஸ்ட்ராவைக் கூப்ட்டுக்கலாம்மா, யாருக்கும் கஷ்டமில்ல"ன்னாரு. மன்றத் தலைவரே சொல்லிட்டாரு சார். ஞாயித்துக்கெழமையும் இதே மாதிரி சிரிச்சாங்கன்னா இந்த மேடையில இனிமே நாடகமே கெடையாது.

வரதன்: அவர் அப்படித்தான் எதையாவது சொல்லுவாரு.

அன்பரசி: ஸ்கூல் விட்டு பஸ்ல நின்னுகினே எழுதின பாட்டு சார் எல்லாம். டவுன்ஷிப் வேலிக்கு வெளிய இருக்கற ஊர்லேந்து ஒருத்தி எழுதி இங்க மேடை ஏறுறது இதான் முதல் தடவை. எங்க ஊரே வரும். எங்கம்மா புதுப்புடவை எடுத்து வெச்சிருக்காங்க.

வரதன்: தெரியும்மா... எனக்குத் தெரியாதா? நானும் அதே வேலிக்கு அந்தப் பக்கத்துலேந்து வந்தவன்தானே.

அன்பரசி: அப்போ சொல்லுங்க சார். இருபத்திரெண்டு வயசு மாறன் வேஷத்தை, ரிட்டயர் ஆகப் போறவருக்கு யார் குடுத்தது?

வரதன்: யாரும் குடுக்கல. சீனியாரிட்டி பிரகாரம் வந்துச்சு.

அன்பரசி: நாடகத்துல என்ன சார் சீனியாரிட்டி?

வரதன்: நம்ம மன்றம் அப்படி. கவர்மெண்டு வேலை பார்க்கறவங்க ஆரம்பிச்சது. சேர்ந்தவுடனே மரம், மலை, தீவட்டி. அப்புறம் காவலாளி. அப்புறம் தூதன். அப்புறம் மந்திரி. மேல இருக்கறவங்க ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆனா, கீழ இருக்கறவங்க ஒவ்வொரு படியா ஏறணும். உச்சியில கதாநாயகன்.

அன்பரசி: குரலு, வயசு, ஒண்ணுமே பார்க்க மாட்டீங்களா?

வரதன்: ஒரு தடவை பார்த்தாங்க. ரூலை மீறி குரல் நல்லாருக்குன்னு ஒரு பையனுக்குக் குடுத்தாங்க. மன்றமே ரெண்டாச்சு. அந்த வருஷம் எங்களுக்கு ரெண்டு ஆண்டு விழா, ரெண்டு பிரியாணி.

அன்பரசி: போன வருஷமெல்லாம் இப்படி ஆகலையே?

வரதன்: போன வருஷமெல்லாம் ராஜா நாடகம். ராஜா எந்த வயசுலயும் இருப்பாரு. நீதான் காதல் கதை எழுதிட்டு வந்த...

கேசவன்: என்னப்பா, காதல் கதைக்கு என்ன குறை?

வரதன்: வாங்க சார்! உங்களைத்தான் பேசிகினு இருந்தோம். பிரமாதம்!

கேசவன்: என்ன பிரமாதம்?

வரதன்: எல்லாமே... அந்தத் தலைப்பாகை.

கேசவன்: அன்பரசி, நீ சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் புரியல. நான் சீரியஸா மாலையை எடுத்துட்டு வர்றேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் வேட்டி அவுந்துடுச்சோன்னு குனிஞ்சு பார்த்தேன். கட்டினபடி இருக்கு.

அன்பரசி: ...சார், அது வந்து...

கேசவன்: வெளிய ஒரு குட்டிப் பையன் வந்து, "தாத்தா, மாப்பிள்ளை எங்க?"ன்னு கேட்டான். "நான்தான்டா மாப்பிள்ளை"ன்னேன். அழுதுகிட்டு ஓடிட்டான்.

வரதன்: சின்னப் பசங்க அப்படித்தான் சார். எதுக்கெடுத்தாலும் அழும்.

கேசவன்: டூயட் எப்படிம்மா இருந்தது?

அன்பரசி: ...அமைதியா இருந்தது சார்.

கேசவன்: டூயட் அமைதியாவா இருக்கணும்?

அன்பரசி: இல்ல சார். துள்ளணும். உங்க குரலுக்காக ஸ்ருதியை இறக்கினேன். இறக்கினதுல கயலா நடிக்கற சஹானாவுக்குக் கீழ எட்டல. அவ முணுமுணுத்தா. அப்புறம் துடுப்பு போட்டுக்கினே பாடும்போது உங்களுக்கு மூச்சு வாங்குதுன்னு வேகத்தையும் குறைச்சோம். காதல் பாட்டு... தாலாட்டாயிடுச்சு.

கேசவன்: தாலாட்டா?

அன்பரசி: முன் வரிசையில ஒரு பாப்பா நெஜமாவே தூங்கிடுச்சு சார்.

வரதன்: அதெல்லாம் எதுக்கு இப்போ...

அன்பரசி: அப்புறம் நீங்க சஹானாவை "வாம்மா கயல்"ன்னு கூப்பிடுறீங்க. வசனத்துல "அம்மா" கெடையாது சார்.

கேசவன்: வாய்ல அப்படித்தாம்மா வருது. அவங்கப்பா என் செக்‌ஷன்ல வேலை பார்த்தவரு. அவ பேர் வைக்கிற விழாவுக்கு நான் போயிருக்கேன்.

அன்பரசி: கையைப் புடிக்க வேண்டிய எடத்துல தலையைத் தடவுறீங்க.

கேசவன்: கையைப் புடிக்கக் கூச்சமா இருக்கும்மா.

அன்பரசி: அவளும் "உன்னையன்றி எனக்கு யாருமில்லை, அங்கிள்"ன்னுட்டா.

வரதன்: ஒரே ஒரு தடவைதான் அங்கிள்னா.

அன்பரசி: மைக்குல சொன்னா சார்!

கேசவன்: ஓ... அப்போ என்னை அப்பான்னு நெனைச்சுட்டாங்களா? அதான் சிரிச்சாங்களா?

வரதன்: கேசவன் சார்... நான் ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது.

கேசவன்: சொல்லுங்க.

வரதன்: உங்களுக்கு மூச்சு வாங்குது. முட்டி வலி வேற. பேசாம நீங்க உக்காந்துக்கங்க. மாறனை வேற யாராவது போடட்டும்.

அன்பரசி: ஆமா சார்! நானும் அதைத்தான் சொல்லணும்னு... உங்க மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தேன். இனியன் இருக்கான். எல்லாப் பாட்டும் மனப்பாடமா...

வரதன்: இனியன் எப்படிம்மா? அவன் போன வருஷம் வரைக்கும் மரம். வரிசைன்னு ஒண்ணு கீது இல்ல?

அன்பரசி: அப்போ வரிசையில அடுத்தது யாரு?

வரதன்: ...நாந்தான்.

அன்பரசி: நீங்களா?

வரதன்: நானும் இவரும் ஒரே நாள்ல சேர்ந்தோம். இவர் பேரை முதல்ல எழுதினாங்க, என் பேரை அடுத்து எழுதினாங்க. அதான் இவர் கதாநாயகன், நான் டைரக்‌ஷன். இவர் வெலகினா தானா எனக்குத்தான் வரும்.

அன்பரசி: ...கேசவன் சார், யோசிச்சுப் பார்த்தா நீங்களே பண்ணிடலாம்.

வரதன்: இன்னாம்மா இது? இப்போதானே வேணாம்ன?

அன்பரசி: இல்ல சார்... அந்தத் தலைப்பாகை அவருக்கு நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க...

வரதன்: தலைப்பாகை எனக்கும் நிக்கும். நீ நான் பாடிக் கேட்டதில்ல?

அன்பரசி: கேட்டிருக்கேன் சார். முட்டுக்காடு போட் ஹவுஸ் பிக்னிக்ல, பஸ்ல.

வரதன்: பஸ்ஸே கை தட்டுச்சே!

அன்பரசி: முடிச்சதும் தட்டினாங்க சார்...

கேசவன்: நான் வெலக மாட்டேன்.

வரதன்: இன்னா சார்?

கேசவன்: வெலக மாட்டேன்னேன். நாலு வருஷம் மரமா நின்னவன் நான். எறும்பு கடிச்சப்பக்கூட ஒரு எலை ஆடினதில்ல. தூதனா வந்து, "மன்னா, எதிரி வந்துவிட்டான்"ங்கற ஒரே வரியை எத்தனை நாடகத்துல சொல்லியிருக்கேன்! இதோ, வேலைய விட்டுப் போற வருஷம். என் முறை. என்னால குடுக்க முடியாது.

வரதன்: மன்றம் நாசமாப் போனாலும் பரவாயில்லையா?

கேசவன்: நீங்க போட்டா மட்டும் வாழ்ந்துடுமா?

வரதன்: எனக்கு ரெண்டு வயசு கம்மி சார்.

கேசவன்: ரெண்டு வயசு கம்மின்னா இருபத்திரெண்டு ஆயிடுமா?

வரதன்: முட்டி வலி கெடையாது எனக்கு.

கேசவன்: தோணி ஓட்டறதுக்கு முட்டி எதுக்கு?

அன்பரசி: சார்... சார்... ரெண்டு பேரும் கொஞ்சம்...

வரதன்: இவ்ளோ நாளா பக்கத்து பக்கத்து சீட்டுல பஸ்ல போறோம். ஒரு வேஷத்தை விட்டுத் தர மனசு வரல இல்ல உனக்கு?

கேசவன்: உனக்கு மட்டும் வேஷம் மேல என்னடா திடீர்னு ஆசை? மந்திரி வேஷத்துக்கே வரமாட்டேன், கூச்சமா இருக்குன்ன ஆளு நீ!

வரதன்: இப்போ ஆசை வந்துடுச்சு. வரக் கூடாதா?

அன்பரசி: எனக்குத் தலை சுத்துது சார். ஜனங்க சிரிச்சாங்கன்னு வருத்தப்பட்டுகினு இருக்கேன், நீங்க அந்த மாலைக்கே சண்டை போடுறீங்க... இருங்க. இருங்க சார். மாலை...

வரதன்: இன்னாம்மா?

அன்பரசி: சியாமளா அக்கா கதையைச் சொல்லும்போது கண்ணு கலங்கினாங்க சார். "அந்த அப்பா தோணியில பொண்ணை உக்கார வெச்சு மெதுவாப் பாடுறாரே, தலையைத் தடவுறாரே, எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு"ன்னாங்க. மாலை போடுற வரைக்கும் யாரும் சிரிக்கல. மாலை போட்டப்போ மட்டும்தான் சிரிச்சாங்க.

கேசவன்: அதனால?

அன்பரசி: நாம ஏன் சார் ஜனங்களைத் திருத்தணும்? அவங்க பார்த்த கதையையே போட்டுடுவோம். நீங்க தோணிக்காரர், கயலோட அப்பா. மெதுவாவே பாடுங்க. மூச்சு வாங்கினா வாங்கட்டும். "வாம்மா கயல்"ன்னே கூப்பிடுங்க. அதான் சரி இப்போ.

வரதன்: இனியன்?

அன்பரசி: அதே தாடி, அதே கைத்தடி, அதே வேஷம். ஒண்ணும் மாத்த வேணாம். கோந்து மட்டும் கொஞ்சம் கம்மியா போடுங்க. தாடியை அவனே எடுக்கட்டும். டூயட்டை பழைய ஸ்ருதிக்கு ஏத்தி, அவனும் சஹானாவும் பாடட்டும்.

வரதன்: சீனியாரிட்டி...

அன்பரசி: யார் வேஷமும் யாருக்கும் போகல சார். கேசவன் சார்தான் கதாநாயகன். நாடகத்துப் பேரே தோணிக்காரர் பேருதான். எந்த ரூலும் உடையல. வசனம் மட்டும்தான் மாறுது. அதை நான் எழுதினேன், நான் மாத்திக்கிறேன்.

கேசவன்: மாலை?

அன்பரசி: மாலையைக் கொண்டாந்து கயலுக்குப் போடாதீங்க சார். இனியன் கையில குடுங்க. அவ்ளோதான்.

கேசவன்: ...அவ்ளோதானா?

அன்பரசி: ஒத்துக்குவீங்களா சார்? காதலன்னு இல்லாம அப்பான்னு ஆயிடுதே...

கேசவன்: ஒத்துக்கிட்டேன்!

அன்பரசி: யோசிக்க வேணாமா?

கேசவன்: என்னத்த யோசிக்கறது? சஹானா கையைப் புடிக்க வேணாம் இல்ல? போதும்மா. ராத்திரி தூக்கம் வரும்.

அன்பரசி: வரதன் சார்... உங்களுக்குத்தான் வருத்தமா இருக்கும். வேஷம் கேட்டீங்க...

வரதன்: எனக்கு இன்னா வருத்தம்? அப்பாடா! ...அதாவது, பரவால்ல. டைரக்‌ஷன் போதும் எனக்கு.

அன்பரசி: எனக்கு ரெண்டு பேரையுமே புரியல சார். இப்போதான் குஸ்தி போட்டீங்க. ஒரு நிமிஷத்துல ஒருத்தர் ஒத்துக்கிட்டேன்றீங்க, ஒருத்தர் அப்பாடான்றீங்க. சரி, நான் போய் இனியன், சஹானா ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வர்றேன். கேன்டீன்லதான் இருப்பாங்க. மறுபடியும் சண்டை போட்டுடாதீங்க!

வரதன்: போம்மா, போ. மெதுவா படியில பார்த்துப் போ.

கேசவன்: நல்ல பொண்ணு.

வரதன்: மூளைக்காரி.

கேசவன்: ஏன்டா வரதா... கோவமா?

வரதன்: எனக்கு இன்னா கோவம்? நீதான் எறும்பு, எலைன்னு வசனம் பேசின. முதல் நாள் ஒத்திகையிலயே உன் மூஞ்சியைப் பார்த்தேனே. விட்டா ஓடிடற மாதிரி நின்ன. இன்னிக்கு நான் வாங்கிக்கறேன்னா, குடுக்க மாட்டேன்ற.

கேசவன்: முதல் நாளே சம்பத் சார்கிட்ட போயிட்டேன்டா. எனக்கு வேணாம் சார், கண்ணாடியில என்னையும் அந்தப் பொண்ணையும் பார்த்தா எனக்கே அசிங்கமா இருக்குன்னேன்.

வரதன்: அப்புறம் ஏன்டா திரும்பி வந்த?

கேசவன்: "சரி, அடுத்தது வரதன்தான், அவருக்கு எழுதிடறேன்"னாரு. இல்ல சார், நானே பண்றேன்னுட்டு வந்துட்டேன்.

வரதன்: ...ஏன்?

கேசவன்: தப்பா எடுத்துக்காத. உனக்கு... பாட வராதுடா. நான் மாலையோட நின்னப்போ சிரிச்சாங்க. நீ வாயைத் தொறந்தவுடனே சிரிப்பாங்க. உங்க ஊர் ஜனம் மொத்தமும் வந்து உக்காந்திருக்கும். உன்னைப் பார்த்து அவங்க சிரிக்கறதை என்னால பார்க்க முடியாது. அதான் குடுக்க மாட்டேன்னு புடிச்சுகிட்டு நின்னேன்.

வரதன்: அட பைத்தியக்காரா... எனக்குப் பாட வராதுன்னு எனக்குத் தெரியாதா? மாலையைக் கையில வெச்சுகினு நீ நின்ன, அத்தனை பேரும் சிரிச்சாங்க... நீ குனிஞ்சு வேட்டியைப் பார்த்துகின. அடுத்த ஞாயித்துக்கெழம அந்த எடத்துல நான் நின்னுக்கலாம்னுதான்டா கேட்டேன்.